கரிசல் மண் லாரியை நிறுத்துங்கள், முதலில் ஒரு குழி தோண்டுங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சார், எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். தொட்டபள்ளாபுரா தாண்டி ஒன்றரை ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறேன், ஒயின் திராட்சை வைக்க ஆசை. இரண்டடிக்குச் செம்மண், அதற்குக் கீழே பாறை. நாசிக்கில் கரிசல் மண் இருப்பதால்தான் ஒயின் நன்றாக வருகிறது, நாலு லாரி கரிசல் அடித்துக் கொட்டு என்கிறார் நண்பர். பாறையின் ருசியே ஒயினில் இறங்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அப்பாவோ இதெல்லாம் எதற்கு, பன்னீர் திராட்சை போடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

நண்பர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். லாரிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் உடனே திருப்பி வாங்கிவிடுங்கள்.

நாசிக் மண் தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் இருந்து வந்தது, சுமார் 6.6 கோடி வருடம் பழசு. உங்கள் நிலத்துக்கு அடியில் கிடப்பது அதைவிடப் பல மடங்கு கிழடு, 250 கோடி வருடத்துக்கும் மேல் ஆன, நைஸ் (gneiss) என்கிற வரிவரியான பாறையும் கிரானைட்டும். பாறை வேறு என்பதால் மண்ணும் வேறு, அவ்வளவுதான், ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்று இல்லை. சொல்லப்போனால் ஆழமான கரிசல் திராட்சைக்குத் தொல்லை. மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, நடுவில் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு வேரை மூச்சுமுட்ட வைக்கும். நாசிக்கிலேயே பல ஒயின் தோட்டங்கள் சரிவில், மேலோட்டமான சரளை மண்ணில்தான் இருக்கின்றன. செம்மண்ணுக்கு மேல் நாலு லாரி களிமண்ணைப் பரப்பினால் உங்களுக்குக் கிடைப்பது நாசிக் அல்ல, சேற்றுக்குட்டை.

பாறையின் ருசி ஒயினில் இறங்குவதாகச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேர் பாறையைச் சப்பிக் குடிப்பதில்லை. பொட்டாசியம், கால்சியம் என்று தண்ணீரில் கரைந்ததைத்தான் உறிஞ்சும். வாசனையும் ருசியும் பழத்தின் தோலிலும் சதையிலும், பிறகு ஈஸ்ட் வேலை செய்யும்போதும் உண்டாகிறவை. பிரான்ஸில் ஷிராஸ் ரகத்துக்குப் பேர்போன ஹெர்மிடாஜ் குன்றின் ஒரு பகுதியும் கிரானைட்தான். அதே ரகத்தை உங்கள் கிரானைட்டில் நட்டால் அதே ஒயினா வரும்? அந்தக் குன்று 45 டிகிரி வடக்கில் இருக்கிறது, நீங்கள் 13 டிகிரியில் இருக்கிறீர்கள். பாறை செய்கிற வேலை வேறு: தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று தீர்மானிப்பது.

அதனால்தான் குழி. நிலத்தில் மூன்று நாலு இடத்தில், மேட்டில் ஒன்று பள்ளத்தில் ஒன்று என்று, நாலடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். இரண்டடியில் வரும் பாறையைக் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பொலபொலவென்று வெள்ளையும் துருநிறமுமாக உதிர்ந்தால் அது இற்றுப்போன பாறை, கொடியின் வேர் விரிசலில் நுழைந்து கீழே போய்விடும், கவலையே இல்லை. 'ணங்' என்று கை அதிர்ந்தால் முழுப்பாறை, அந்த மூலையை விட்டுவிடுங்கள். அப்புறம் சாயங்காலம் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் எட்டிப் பாருங்கள். பாதிக் குழி அப்படியே நின்றால் அங்கே வடிகால் எடுக்காமல் நடக்கூடாது. அந்தக் குழி மண்ணையே இரண்டு ஆழத்தில் தனித்தனியாக எடுத்து, ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலோ பரிசோதனைக்கு விசாரியுங்கள். போர்வெல் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள், ஏனென்றால் மண் நன்றாக இருந்து தண்ணீர் உப்பாக இருந்தால் சொட்டுநீர் போடப்போட இலை ஓரம் கருகிக்கொண்டே வரும். எந்த வேர்ச்செடியில் (வேராக இருக்கப்போகிற அடிச்செடி) ஒட்டுக்கட்டுவது, டாக்ரிட்ஜ் ரகமா 110 ஆர் ரகமா என்பதெல்லாம் இந்த இரண்டு ரிப்போர்ட்டும் கையில் வந்தபிறகு பேசவேண்டிய விஷயம்.

சரி, நாசிக்குக்கு அப்படி என்னதான் மேலே இருக்கிறது என்றால், மழை முடிகிற நாள். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும், வசந்தத்தில் தானே எழும். நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது, அதனால் கத்திரிக்கோலால் நாம்தான் காலம் காட்டுகிறோம்: ஏப்ரலில் ஒரு கவாத்து கிளை தேறுவதற்கு, செப்டம்பர் அக்டோபரில் இன்னொரு கவாத்து காய்ப்பதற்கு, பிப்ரவரி மார்ச்சில் அறுவடை. நாசிக்கில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் பெரும்பாலும் வானம் வெளுத்துவிடும். பெங்களூருவில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை கொட்டுகிற மாதங்கள், வடகிழக்குப் பருவமழையின் வாலும் வந்து அடிக்கும். கவாத்து முடிந்து இளந்தளிரும் பூங்கொத்தும் வெளியே வருகிற அதே நேரத்தில் இலை நனைந்துகொண்டே இருந்தால் அடிச்சாம்பல் நோய்தான். இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி படரும், பூங்கொத்தில் ஏறினால் அந்த வருட மகசூல் போச்சு.

அப்படியானால் மழை விட்டபிறகு, நவம்பர் நடுவில் கவாத்து செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் பழுப்பது ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும், அது பெங்களூருவின் கொடும் வெயில் மாதம், கூடவே கோடை மழையும் ஆலங்கட்டியும். சூட்டில் பழத்தின் புளிப்பு வேகமாகக் குறையும், சர்க்கரை மட்டும் ஏறும். புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும். முன்னால் போனால் நோய், பின்னால் போனால் வெயில். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் நிலத்துக்குச் சரியான வாரம் எது என்பதைக் கண்டுபிடிக்க நாலைந்து வருடம் ஆகும், அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் பக்கம் இருக்கும் நல்ல விஷயம் உயரம்: கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர், அதனால் டிசம்பர் ஜனவரி இரவுகள் குளிர்ந்து புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கும். நந்தி மலை அடிவாரத்தில் 1980களின் கடைசியிலேயே குரோவர் குடும்பம் ஒயின் தோட்டம் தொடங்கியதற்கு இந்தக் குளிர்ச்சியும் ஒரு காரணம்.

ரகம் என்று கேட்டால் ஷிராஸ், கேபர்னே இரண்டில் ஒன்று, வெள்ளைக்கு சோவிஞ்யோன் பிளாங்க். ஆனால் நடும் முன் பழத்தை வாங்கப்போகும் ஒயினரியிடம் பேசி, எந்த ரகம், எத்தனை பிரிக்ஸ் (பழச்சாற்றின் சர்க்கரை அளவு), என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். சந்தையில் தட்டில் வைத்து விற்க இது ஆகாது, பழம் சின்னது, தோல் தடிப்பு, விதை வேறு. நீங்களே ஒயின் செய்து விற்பதென்றால் கலால் உரிமம் வேண்டும், அது தனிக்கதை.

அப்பா விஷயத்துக்கு வருவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதே ரகம் வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பழகிய பயிர், தொட்டபள்ளாபுராவில் அதே மாதிரி காய்க்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். உங்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள் பந்தலில் ஏற்றியிருப்பது அநேகமாகப் பெங்களூர் நீலம், இதற்கும் 2013இல் இருந்து புவிசார் குறியீடு உண்டு, மழையையும் ஓரளவு தாங்கும். அரை ஏக்கரில் அதைப் போட்டு, ஒரு ஏக்கரில் ஒயின் ரகத்தை வைத்துப் பார்க்கலாம், கைச்செலவுக்கு ஆகும். அப்பாவை மட்டும் கம்பத்திலேயே விட்டுவிடாதீர்கள், கவாத்து சமயத்தில் எந்தக் கண் காய்க்கும் எந்தக் கண் ஏமாற்றும் என்று கொடியைத் தடவிப் பார்த்தே சொல்கிற ஆள் கூலிக்குக் கிடைப்பது கஷ்டம்.