அளவெடுக்காம தச்ச சட்டை – வாசகர் கேள்வி பதில்

போன வாரம் திருப்பூர் ஆர்டர் பத்தி எழுதறப்ப, வெளிநாட்டு பிராண்டுக்கு நாம தச்சுக் குடுக்கறோம், அவனே இங்க வந்து கடை போட்டா ஜெயிப்பானான்னு சும்மா ஒரு வரி போட்டுட்டனுங்க. அவ்வளவுதான், இந்த வாரம் வந்த கேள்வியெல்லாம் அதச் சுத்தியேதான்.

"அண்ணா, வெளிநாட்டு பிராண்டுங்க ஆசியாவுக்கு வந்தா சிலது ஓஹோன்னு போகுது, சிலது மூட்டையக் கட்டிட்டுப் போயிருதுங்களே. காசு ரெண்டு பேருகிட்டயுந்தான் இருக்குது, அப்பறம் எங்கதானுங்க வித்தியாசம்?"
– பிபிஏ மாணவர், ஈரோடு

காசுல இல்ல தம்பி. நான் திருப்பூர்ல பதினெட்டு வருசம் மெர்ச்சண்டைசரா, அதாவது வெளிநாட்டு ஆர்டரப் பாத்து முடிச்சுக் குடுக்கற ஆளா இருந்தவன். ஒரு டி-சர்ட் ஆர்டர்னா மொதல்ல ஃபிட் சாம்பிள் அனுப்போணும், அவன் அங்க ஒரு ஆளுக்கு மாட்டிப் பாத்துட்டு கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம்பான், திருத்தி அனுப்பினா தோள்பட்டை எறங்குதும்பான், அப்பறம் எல்லா சைஸுலயும் ஒண்ணொண்ணா சைஸ் செட்டு, அப்பறம் மொத்தமா தைக்கறதுக்கு முந்தி காட்டற பிபி சாம்பிளு, ஒருக்கா நாலாவது தடவையா திரும்பி வந்தப்ப எங்க கட்டிங் மாஸ்டரு, "அந்த ஆளையே இங்க கூட்டியாந்துருங் சார், மேல வெச்சே வெட்டிக் குடுத்தர்றேன்"னு சொல்லிப் போட்டாரு. அவங்கூரு ஒடம்புக்கு அத்தன அளவு பாக்கறவன், நம்மகிட்ட விக்க வர்றப்ப மட்டும் அவங்கூரு அளவுலயே தச்சுக் கொண்டாந்து மாட்டிக்கங்கறான் பாரு, அங்கதான் கோளாறு.

கெலாக்ஸ் 1994ல இங்க வந்தாங்க. கார்ன்ஃபிளேக்ஸ்ங்கறது ஜில்லுன்னு பாலு ஊத்தி மொறுமொறுன்னு திங்கறதுக்குன்னு செஞ்சது. நம்மூட்டுல பாலுன்னாலே காச்சின பாலு, சுடச்சுட. ஊத்தின ஒடனே கூழாப் போயிரும். கம்பங்கூழு குடிச்சு வளந்த ஊரு நம்முளுது, இது கூழாவும் தேறல, பலகாரமாவும் தேறல. அப்பறம் மெதுமெதுவா சின்ன பாக்கெட்டு, நம்ம நாக்குக்கு ஏத்த ருசின்னு மாத்திக்கிட்டு, கடேசில உப்புமாவே போட்டு வித்தாங்க! உப்புமா விக்கறதுக்கு அமெரிக்காவுல இருந்து வரோணுமான்னு எங்கூட்டுக்காரி கேட்டா, எனக்குப் பதில் தெரியல.

இன்னொண்ணு மிக்ஸி கதை, இது எனக்கு நெம்பப் புடிக்கும். மாத்தூர்னு ஒரு எஞ்சினியரு வீட்டுல ஜெர்மன் மிக்ஸி, பிரவுன் கம்பெனியுது. ஜூஸும் கேக் மாவும் அடிக்கறதுக்குச் செஞ்ச மோட்டாருல வரமொளகாயும் கொத்தமல்லியும் தேங்காயும் போட்டு அம்மியில அரைக்கற மாதிரி அரைச்சா எத்தன நாளைக்குத் தாங்கும்? பொகைஞ்சு போச்சு, இங்க ரிப்பேர் பாக்கவும் ஆளில்ல. அவரே ஒண்ணு செஞ்சாரு, அதுதான் சுமீத், 1963ல. நம்ம அடுப்படியோட அளவ அந்த ஜெர்மன்காரன் எடுக்கல, பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கின எஞ்சினியரு எடுத்தாரு. (ஏச்சு வாங்கினாருங்கறது என் கற்பனை, ஆனா வாங்காம இருந்திருப்பாரா?) பிலிப்ஸ் காலங்காலமா இங்க இருக்கற கம்பெனி, அவங்களே 2011ல சென்னை பிரீத்தி மிக்ஸி கம்பெனிய வெலைக்கு வாங்கிட்டாங்க, பேர மட்டும் மாத்தல. சட்னிய நல்லா அரைக்கறவன்னு பேரு வாங்கின பேர எவன் மாத்துவான்?

நம்ம நாடு மட்டுமில்ல. கேஎஃப்சி 1987ல பெய்ஜிங்ல மொத கடை போட்டாங்க, போகப்போக அரிசிக்கஞ்சி, எண்ணெயில பொரிச்ச மாவுக்குச்சின்னு அவங்க காலைச் சாப்பாட்டையே மெனுவுல ஏத்திட்டாங்க. இன்னைக்கு சீனாவுல பத்தாயிரம் கடையத் தாண்டியாச்சு. அதே வால்மார்ட் தென்கொரியாவுல குடோன் மாதிரி பெரிய கடை போட்டு ஒசர ஒசரமா அடுக்கி வெச்சாங்க, அந்த ஊரு அக்காமாருங்களுக்கு மீனு காய்கறி எல்லாம் கண்ணு முன்னால பளபளன்னு இருக்கோணும், அங்கத்த ஈமார்ட் அதத்தான் செஞ்சான். 2006ல வால்மார்ட் பதினாறு கடையையும் அந்த ஈமார்ட்காரங்களுக்கே வித்துட்டுக் கெளம்பிட்டாங்க. அதே வருசம் கார்ஃபூர்ங்கற பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட் கம்பெனியும் கெளம்பிருச்சு.

"வெலையக் கொறச்சா நம்ம சனம் எதையும் வாங்கும்னு எங்கூட்டுக்காரரு சொல்றாருங்க, சரிங்களா?"
– மளிகைக்கடை அம்மிணி, அரச்சலூர்

பாதி சரிங்க அம்மிணி. உங்க கடையில மேல சரஞ்சரமாத் தொங்குதே ஷாம்பு பாக்கெட்டு, அத நாட்டுக்கே அறிமுகப்படுத்தினது வெளிநாட்டான் இல்ல, கடலூரு சின்னிகிருஷ்ணன். அவரு மகன் ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்புன்னு தொடங்கி, அப்பறம் அம்பது பைசாவுக்கே குடுத்தாரு. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பொறவு அந்த வழியிலதான் வந்தாகோணும்னு ஆச்சு. அது வெலைக் கொறைப்பு இல்லீங்க, வாரக்கூலி வாங்கறவங்க பையில எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்குப் பாக்கெட்ட வெட்டினது. வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்திக்கறதுக்கு ஒண்ணு, அவ்வளவுதான் கணக்கு.

மீதிப் பாதி என்னன்னா, எவ்வளவு கொறச்சாலும் நம்ம வழக்கத்துல இல்லாதது போணியாகாது. ஹோம் டிப்போன்னு அமெரிக்கக் கம்பெனி 2006ல சீனாவுக்குப் போச்சு, பெயின்ட்டு, துளை மெசினு, பலகை எல்லாம் வாங்கிட்டுப் போயி வீட்ட நீங்களே செஞ்சுக்கங்கன்னாங்க. அங்கயும் நம்மூரு மாதிரிதான், வேலைக்கு ஆளக் கூப்புட்டு விட்டுட்டு, டீ வாங்கிக் குடுத்து மேல்பார்வை பாக்கறதுதான் வீட்டுக்காரன் வேலை. 2012ல பெரிய கடையெல்லாம் மூடிட்டாங்க.

"வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு எங்க ஏரியாவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர்ஷிப் தர்றேங்கறாங்க, டெபாசிட் கேக்கறாங்க. எடுக்கலாமுங்களா?"
– பெருந்துறை வாசகர்

டெபாசிட்டு எவ்வளவுன்னு நீங்க எழுதல, அதனால பொதுவா சொல்றனுங்க. மொதல்ல எக்ஸ்பயரி ஆன சரக்கத் திருப்பி எடுப்பாங்களான்னு எழுத்துல வாங்குங்க. நானே ஒருக்கா ஏமாந்தவன், கம்பெனி பேரு வேண்டாம், வேலைய விட்டுட்டு சொந்தமா பண்ணலாம்னு ஒரு பிஸ்கட் ஏஜென்சி எடுத்தேன். மூணு மாசம் கழிச்சு வேற ஆளு வந்தான், சரக்கத் திருப்பி எடுக்கறதா பழைய மேனேஜர் சொன்னது எனக்குத் தெரியாதுன்னுட்டான். அந்த பிஸ்கட்ட எங்க தெரு நாயிகூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

அப்பறம் கடன். நம்ம கடைக்காரன் பதினஞ்சு நாளு, இருவது நாளு கடன் சொல்லித்தான் எடுப்பான், நோம்பி வந்தா இன்னும் தள்ளும். கம்பெனிக்காரன் உங்ககிட்ட ரொக்கமா வாங்கிக்கறான்னா நடுவுல நசுங்கறது நீங்கதான். இங்க ஒரு நாளாவது டிவிஎஸ் எக்ஸல்ல கடை கடையா சுத்தின ஆளு அவங்க ஆபீசுல இருக்கறானான்னு கேளுங்க, அந்த ஆளுக்கு முடிவு எடுக்க அதிகாரம் இருக்குதான்னும் கேளுங்க. எல்லாத்துக்கும் சிங்கப்பூருக்கு மெயில் போட்டுட்டு ஒக்காந்திருக்கோணும்னா வேண்டாமுங்க.

நல்ல கூட்டு எப்புடி இருக்கும்னு பாக்கோணும்னா கோயமுத்தூரையே பாருங்க. 1962ல எல்எம்டபிள்யூ, அதாவது ஸ்பின்னிங் மெசினு செய்யற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆரம்பிச்சப்ப சுவிட்சர்லாந்து ரீட்டர் கம்பெனி தொழில்நுட்பம் குடுத்துக் கூட நின்னுச்சு. ஸ்பின்னிங் மில்லு தெருவுக்கு ஒண்ணு இருந்த ஊருல மெசினு செஞ்சு வித்தாங்க. சரக்கு அனுப்பிட்டு பில்லு மட்டும் அனுப்பற கூட்டு இல்ல அது.

"நீங்க கோக்கா, போவண்டோவா?"
– பீளமேடு வாசகர்

பிரியாணின்னா போவண்டோ. 2017ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட வணிகர் சங்கம் மார்ச் 1ல இருந்து கோக்கும் பெப்சியும் விக்கமாட்டோம்னப்ப, எங்க தெருக்கடையில ஃபிரிட்ஜ் பூராவும் போவண்டோதான். 1993ல தம்ஸ் அப்ப வாங்கின கோக், அத ஒழிச்சுக் கட்டாம ஓடவிட்டது கெட்டிக்காரத்தனம், அதையும் ஒத்துக்கறேன்.

"இவங்கல்லாம் இங்க கடை போட்டா எங்களுக்கு என்னங்ணா கெடைக்கும்? நாங்க காஜா பட்டன் ஜாப் வொர்க் பண்றவங்க."
– திருப்பூர், அனுப்பர்பாளையம்

ஒரே பிராண்ட் விக்கற கடையில வெளிநாட்டு மொதலீடு 51 சதவீதத்தத் தாண்டினா, சரக்குல 30 சதவீதம் இங்க இருந்து வாங்கோணும்னு சட்டம் இருக்குதுங்க. ஆனா இங்க வாங்கிக்கோணும்னு போட்டாங்களே ஒழிய, எல்லாத்தையும் இங்கயே விக்கோணும்னு போடல, ஏற்றுமதிக்கு எடுக்கறதையும் கணக்குல காட்டிக்கலாம். அதனால ஏற்கெனவே அவனுக்கு நீங்க தச்சுக் குடுக்கறதுதான் கணக்குல ஏறும், புதுசா ஆர்டர் கொட்டும்னு நம்பி மெசினு வாங்கிப் போடாதீங்க.

ஆனா ஒண்ணு, 2019ல டெல்லியில கடை தொறந்த யூனிக்ளோ, ஜப்பான்காரங்க, வந்த ஒடனே குர்தா போட்டாங்க. குர்தான்னா முன்னால பட்டன் பட்டி, பக்கவாட்டுல வெட்டு, பிளைன் டி-சர்ட்டு மாதிரி காஜாவே இல்லாம போயிராது. நம்ம ஒடம்புக்கு அவங்க அளவெடுக்க ஆரம்பிச்சா அந்த வேலை உங்க டேபிளுக்கு வரும். வந்தா பீசுக்கு எவ்வளவுன்னு மொதல்லயே பேசிக்கங்க, லைனு ஏறினப்பறம் பேசினா ஒரு பைசா ஏத்த மாட்டான்.