வாசகர் கேள்விகள்: கோடையில் ஓடைக்கரை நடை

சித்திரை வெயிலில் தெருமுனைக் கடைக்குப் போகவே கால் வரமாட்டேன் என்கிறது. இந்த நேரத்தில் ஓடையோரமாக மலையேறுகிறவர்கள் அப்படி என்ன சுகத்தைக் காண்கிறார்கள்?
– வாசகி, வில்லாபுரம்

அங்கே வெயிலே வேறு மாதிரி இருக்கும், அதுதான் சுகம். ஓடைக்கரையில் நிற்கும் நீர்மருதும் நாவலும் அத்தியும் கோடையிலும் வேருக்கு ஈரம் கிடைப்பதால் இலையை ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. சுற்றிலும் உள்ள சரிவு காய்ந்து பழுப்பாகக் கிடக்கும்போது ஓடை போகிற தடம் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். மேலே இலைக்கூரை, கீழே நனைந்த பாறை. நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் அந்தக் கோட்டுக்குள் நுழைந்ததுமே உடம்புக்கு வித்தியாசம் தெரியும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளம் வழியாகக் கீழிறங்கும். சூரியன் ஏறும்வரை அந்தக் காற்று எதிரே முகத்தில் படும். இதற்காகத்தான் விடிகாலையில் கிளம்பச் சொல்கிறோம். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் காற்று திசை மாறி, சமவெளிச் சூட்டை மலைமேல் ஏற்றத் தொடங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் நடுவில் மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வந்துவிடும். அதனால் நண்பகலில் மலையோ பாறையோ நிழல் தராது, மரம் மட்டுமே தரும். மரமில்லாத பாறைத் தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்து மணிக்குள் அதைத் தாண்டிவிடுங்கள்.

*

ஒன்பது வயதுப் பையன், அறுபது வயது அம்மா. இவர்களோடு அழகர்மலை நூபுர கங்கைக்கு நடந்தே போகலாமா?
– வாசகர், மேலூர்

தாராளமாக. முதல்முறை நடக்கிறவர்களுக்கு மதுரைப் பக்கத்தில் இதைவிட நல்ல தடம் இல்லை. பரிபாடல் ‘சிலம்பாறு’ என்று பாடிய ஓடை இதுதான். நூபுரம் என்றாலும் சிலம்புதான். கோடையிலும் நீர் வற்றாத சுனை என்பது இதன் பெருமை. கள்ளழகர் கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்ச்சோலை வழியாக நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார இடம் பாருங்கள். முடியவில்லை என்றால் பழமுதிர்ச்சோலையோடு திரும்புவதில் குறை ஒன்றும் இல்லை.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓடையோரம் குளுகுளுவென்று இருப்பதால் தாகமே தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் கூடியிருந்தால் வியர்வை காயாது, உடம்பும் குளிராது. அதனால் தாகத்துக்குக் காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு குடிக்கவேண்டும். ஒரு பாட்டிலில் மட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வையுங்கள்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கெடுதல். நாக்கில் பட்டால் கண்ணீரை விடக் கரிப்பாக இருக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டுங்கள். தயிர்ச்சாதம் பத்து மணிக்கே புளித்துவிடும். கையில் கேரிப் பை தொங்கினால் குரங்கு பிடுங்காமல் விடாது. எல்லாமே முதுகுப் பைக்குள், ஜிப் மூடியிருக்கட்டும். பிடுங்க வந்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடச் சொல்லிப் பையனைப் பழக்குங்கள். குரங்கு கடிப்பது பெரும்பாலும் அந்த இழுபறியில்தான்.

*

ஓடை நடைக்குச் செருப்பா, ஷூவா?
– வாசகர், திருமங்கலம்

பள்ளம் வெட்டிய ரப்பர் அடி உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற எதுவானாலும் சரி. ஹவாய் செருப்பு கூடாது. பருத்திச் சாக்ஸ் நனைந்தால் காயாமல் தோலைத் தேய்த்துக் கொப்புளம் போடும். செயற்கை நூல் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த பாறையில் பச்சைப்பாசி கண்ணுக்குத் தெரியும், தப்பிக்கலாம். பழுப்பாக, மெழுகு பூசினாற்போல் மினுங்குவதுதான் ஆளை வழுக்கிவிடும். சொரசொரப்பாக, காய்ந்து வெளுத்திருக்கும் பாறையில் கால் வையுங்கள்.

*

மழையே பெய்யாதபோது ஓடையில் எப்படித் திடீரென்று வெள்ளம் வருகிறது? கும்பக்கரை அருவியில் அடிக்கடி குளிக்கத் தடை என்று செய்தி வருகிறதே?
– வாசகர், பெரியகுளம்

நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்யவில்லை, அவ்வளவுதான். கும்பக்கரைக்கு வரும் பாம்பாறு கொடைக்கானல் மலைப்பக்கத்திலிருந்து இறங்குகிறது. அங்கே பிற்பகலில் இடியோடு ஒரு கோடை மழை கொட்டினால், இங்கே தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே நீர் வந்து சேரும். காய்ந்து இறுகிய மண்ணும் பாறையும் முதல் மழையை உறிஞ்சாமல் அப்படியே வழித்து அனுப்பிவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் ஓடையைக் கடந்த பக்தர்கள் இறந்ததும் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில்தான்.

கரையில் உட்கார்ந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நீர் விளிம்பைத் தொட்டாற்போல் உள்ளங்கை அளவு கல் ஒன்றை வையுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கல்லின் அடி நனைந்து, நீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தால் குளியல் முடிந்தது, எழுந்துவிடுங்கள். தெளிந்த நீர் டீத்தண்ணீர் நிறமாவது, காய்ந்த சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, இவற்றில் ஒன்று போதும். செருப்பையும் போனையும் பொறுக்கிக்கொண்டு நிற்காமல், ஓடையின் போக்கில் ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேட்டில் காத்திருப்பதுதான் புத்தி. மலை ஓடை ஏறிய வேகத்திலேயே பெரும்பாலும் இறங்கியும் விடும்.

சாதாரணமாகக் கடப்பதற்கும் முறை உண்டு. முழங்காலுக்கு மேல் நீர் என்றால் கடக்க வேண்டாம். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள்.

*

நாங்கள் போனபோது ஓடையில் மணல்தான் கிடந்தது. ஏமாற்றமாகிவிட்டது.
– வாசகி, வாடிப்பட்டி

குட்லாடம்பட்டி போன்றவை மழையை நம்பிய அருவிகள், அவற்றுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் காலம். ஆனாலும் வற்றிய ஓடையில் பார்ப்பதற்கு இருக்கிறது. நீர் மணலுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும். பாறை குறுக்கிடும் இடத்தில் மேலே கசியும். அந்த ஈர மணலில் காலை ஒன்பது மணிவாக்கில் பட்டாம்பூச்சிகள் சிறகை மடித்து ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். சுருட்டிய குழலை நீட்டி மண்ணில் உள்ள உப்பை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண்கள். நிழல் மேலே விழாமல் நாலடி தள்ளிக் குந்தினால் அரை மணி நேரம் நகராது.

*

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

கொதிக்கவைக்காமல் வேண்டாம். மேலே ஆடுமாடும் காட்டு விலங்கும் இறங்குகிற நீர் அது. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது. காலில் புண் இருந்தால் தேங்கிய குட்டையில் இறங்குவதும் தப்பு.

*

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்க ஆசை. நண்பர்கள் நாலு பேர் சொந்தமாகப் போகலாமா?
– வாசகர், அனுப்பானடி

வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் விதிகள் இறுகின. காய்ந்த போதைப்புல் (மலைச்சரிவில் உயரமாக வளரும் ஒரு புல்வகை) பற்றினால் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், மனிதனால் அந்த வேகத்தில் ஏற முடியாது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்யலாம். தீ அபாயம் உள்ள பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தடங்களை மூடிவைப்பார்கள் என்பதால், அதற்குப் பிந்தைய தேதியாகப் பாருங்கள்.

வட்டக்கானல் பக்கம் 2,000 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் குறையும் என்பதால் மதுரையில் 40 டிகிரி அடிக்கும் நாளில் அங்கே 28-ஐ ஒட்டி இருக்கும். இறங்க இறங்கச் சூடு ஏறும், முழங்காலும் வலிக்கும். கைத்தடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையில் உங்கள் ஷூவையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.