கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா? ஸ்லைடு, சார்ட், கரும்பலகைப் படம்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியை, தேனி): புரொஜெக்டரில் ஸ்லைடு போட்டால் பின்வரிசைப் பிள்ளைகள் எழுத்து தெரியவில்லை என்கிறார்கள். எத்தனை பாயிண்ட் வைக்கலாம்?

பதில்: பாயிண்ட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 24 பாயிண்ட் எழுத்து 4 அடித் திரையில் விழும் அளவு வேறு, 8 அடித் திரையில் விழும் அளவு வேறு. கடைசி பெஞ்சின் தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 30 அடித் தூரம், 6 அடித் திரை என்றால் 5 வரும். லேப்டாப் திரை ஏறக்குறைய ஓரடி அகலம் இருக்கும். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு 5 அடி தள்ளி நின்று படியுங்கள். உங்களுக்குத் திணறினால் பிள்ளைக்கும் திணறும்.

தமிழுக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும். ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். எழுத்து சிறுத்தால் முதலில் மங்குவது அதுவே. 28 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். வரி இடைவெளியை 1.2க்கு மேல் வையுங்கள். இல்லையென்றால் மேல் வரியின் 'ழு', 'கூ' வால்கள் கீழ்வரி மெய்யெழுத்தின் புள்ளியில் வந்து முட்டும். அறை முழுவதையும் இருட்டாக்க வேண்டியதில்லை, திரைக்கு மேலே எரியும் டியூப் லைட்டை அணைத்தால் போதும்.

கேள்வி (துணிக்கடைக் கணக்கர், ஈரோடு): 9 கிளைகளின் விற்பனையை பை சார்ட்டாகப் போடச் சொல்கிறார் மேனேஜர். சரியா சார்?

பதில்: சரிப்படாது. வட்டத்தில் 14 சதவீதத் துண்டையும் 16 சதவீதத் துண்டையும் பக்கத்தில் எண் எழுதாமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் நீளங்களைக் கண் நன்றாக ஒப்பிடும், கோணத்தில் தடுமாறும். கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1984இல் சோதனை வைத்தே இதைக் காட்டினார்கள். பை சார்ட்டை முதலில் அச்சிட்ட வில்லியம் பிளேஃபேர் 1801இல் அதைச் செய்தார். அதற்கு 15 வருடம் முன்பே, 1786இல், அவரே பார் சார்ட்டை, அதாவது பட்டை வரைபடத்தை, வெளியிட்டிருந்தார். நல்லதை முதலில் தந்துவிட்டார் என்பேன்.

உங்களுக்குப் படுக்கைவாட்டுப் பட்டைகள்தான் பொருந்தும். கிளைப் பெயர்களைத் தலை சாய்க்காமல் படிக்கலாம். அகர வரிசை வேண்டாம், விற்பனை அதிகமானது மேலே வரட்டும். மேனேஜர் கவனிக்க வேண்டிய கிளைக்கு மட்டும் நிறம் கொடுத்து, மற்றதெல்லாம் சாம்பலாக இருக்கட்டும். தலைப்பில் 'கிளை வாரி விற்பனை' என்று எழுதினால் அது கோப்பின் பெயர். 'கரூர் கிளை மட்டும் மூன்று மாதமாக இறங்குகிறது' என்று எழுதினால் அது செய்தி.

அதே கணக்கர்: எக்செல் தானாகவே எண்கள் வரும் அச்சை (ஆக்சிஸ்) 90இல் தொடங்குகிறதே?

பதில்: மாற்றியே ஆக வேண்டும். 92ம் 95ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் 3 சதவீதம் அளவுக்குத்தான். அச்சு 90இல் தொடங்கினால் பட்டைகள் 2ம் 5மாகி, ஒன்று மற்றதைப்போல் இரண்டரை மடங்காகத் தெரியும். அச்சில் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட் ஆக்சிஸ்' போய், 'மினிமம்' என்ற இடத்தில் 0 கொடுங்கள். பட்டைக்குத்தான் இந்த விதி, கோட்டு வரைபடத்துக்கு இல்லை. காய்ச்சல் அளவை 0இலிருந்து வரைந்தால் நோயாளிக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் கோடு சொல்லும்.

கேள்வி (விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்): இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் கீறிப் படிப்பிப்பதா, அச்சிட்ட படத்தைத் தொங்கவிடுவதா?

பதில்: குருதி ஓடும் வழியைச் சொல்லும்போது கீறுங்கள், உண்மையான வடிவத்துக்கு அச்சுப்படத்தைக் காட்டுங்கள். முடிந்த படத்தை முதலிலேயே தொங்கவிட்டால் பிள்ளைகளின் கண் இருபது இடத்தில் அலையும்.

முதலில் ஒரு பெட்டி, நடுவில் சுவர். மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. படத்தின் இடது பக்கத்தில் இருப்பது இதயத்தின் வலது பக்கம். அதைப் பெட்டி போட்டவுடனேயே சொல்லி, 'வல', 'இட' என்று எழுதிவிடுங்கள். தேர்வில் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். பிறகு வலப் பக்கத்து ஓட்டத்தை மட்டும் கீறி நுரையீரலில் நிறுத்துங்கள். அது பதிந்தபின் நுரையீரலிலிருந்து இடப் பக்கம், அங்கிருந்து உடலுக்கு.

இட இதயவறைச் சுவரை வேண்டுமென்றே இரண்டு மூன்று மடங்கு தடிப்பாகக் கீறுங்கள். உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளுவது அது, 'ஏன் தடிப்பு?' என்று பிள்ளையே கேட்கும். பெயர்களை உறுப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டு ஓரத்தில் பட்டியல் வைத்தால் பாதிக் கவனம் அங்கும் இங்கும் தாவுவதிலேயே போய்விடும்.

பச்சைப் பலகையில் சிவப்பும் நீலமுமான சோக்கட்டி தூரத்திலிருந்து தெரியாது. வெள்ளையும் மஞ்சளும் எடுங்கள். ஒட்சிசன் குறைந்த குருதிக்குப் புள்ளிக்கோடு, நிறைந்ததற்கு முழுக்கோடு. புத்தகப் படத்தின் நீலம் வெறும் அடையாளம், நாளத்துக்குள் நீலக் குருதி ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். வளர்ந்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி (தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர், கோயம்புத்தூர்): ஷிஃப்ட் போர்டில் சிவப்பு, பச்சை வட்டம் ஒட்டுகிறோம். ஒருவர் அடிக்கடி மாற்றிப் படிக்கிறார். அசட்டையா?

பதில்: அசட்டை என்று முடிவு கட்டாதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத குறை ஆண்களிடம் பெண்களைவிட மிக அதிகம். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: சரி என்றால் வட்டம், கோளாறு என்றால் முக்கோணம். உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி என்று இருந்ததை 2020ஆம் ஆண்டு விதிமுறையில் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று மாற்றினார்களே, அதே காரணம்தான். போர்டை போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டுப் பாருங்கள். அதிலும் படிக்க முடிந்தால் தேறியது.

கேள்வி (விளம்பர வடிவமைப்பாளர், மதுரை): விற்பனை இரட்டித்தது என்று காட்ட மூட்டைப் படத்தை இருமடங்கு பெரிதாக்கினேன். மிகையாகத் தெரிகிறது என்கிறார்கள்.

பதில்: உயரத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும், பரப்பு நான்கு மடங்காகும். கண் பரப்பைத்தான் பார்க்கிறது. புள்ளிவிவரங்களைப் படங்களாகக் காட்டிய ஓட்டோ நொய்ராத் வியன்னாவில் 1920களில் வகுத்த விதி இதற்காகத்தான்: பெரிய மூட்டை வேண்டாம், அதே அளவில் இரண்டு மூட்டை.

அவரே: ஃபோட்டோஷாப்பில் 'கொ' அடித்தால் கொம்பு இடம் மாறுகிறது.

பதில்: கொஞ்சம் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்பில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். இன்டிசைனில் பேராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போஸர்'. அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்புங்கள்; மூலக் கோப்பை அனுப்பினால், பாமினி போன்ற பழைய எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லையென்றால் திறந்தவுடன் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும்.

கேள்வி (பயிற்சி அலுவலர், சென்னை): எல்லா விவரமும் ஸ்லைடில் இருக்கட்டும், பிறகு அனுப்பிவிடலாம் என்கிறார் மேலதிகாரி.

பதில்: அப்படியானால் இரண்டு கோப்பு செய்யுங்கள். அனுப்புவதற்கு வேர்டில் முழு விவரம், திரைக்கு ஒரு படமும் ஒரு வாக்கியமும். ஸ்லைடில் உள்ளதையே நீங்கள் வாசித்தால், அவர்கள் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு போனை எடுப்பார்கள். விவாதம் தொடங்கியதும் பவர்பாயிண்டில் 'பி' விசையைத் தட்டுங்கள். திரை கறுத்துவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி தட்டினால் படம் திரும்பி வரும்.