ஜூரி சம்மன்ஸ டிராயர்ல போட்டுட்டேன், இப்ப ரெண்டாவது லெட்டர் வந்திருக்கு, என்ன பண்றது?

கலிஃபோர்னியா சன்னிவேல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஜூரி டூட்டின்னா, கோர்ட் கேஸ்ல தீர்ப்பு சொல்ல பொதுமக்கள்ல சிலரக் கூப்பிட்டு உக்கார வெக்கறது. அவர் எழுதினதோட சாரம் இது: "அண்ணா, போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். மூணு மாசம் முன்னாடி ஜூரி டூட்டிக்கு சம்மன்ஸ் வந்துச்சு. ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம். மேனேஜர்கிட்ட சொன்னா 'எதையாவது சொல்லி கழண்டுக்க முடியாதா'ன்னு கேக்கறாரு. ஃப்ரெண்டு ஒருத்தன் 'சாதா தபால்தானே, கெடைக்கவே இல்லன்னு சொல்லிடு, நானும் பதில் போடல, ஒண்ணும் ஆகல'ன்னான். நானும் டிராயர்ல போட்டுட்டேன். இப்ப ரெண்டாவது லெட்டர் வந்திருக்கு, அதுல ஃபைன் அது இதுன்னு போட்டிருக்கு. ரிலீஸும் தள்ளிப் போய் தள்ளிப் போய் இன்னும் முடியல. இதுக்கு நடுவுல கிரீன் கார்டுல இருக்கற என் ஒய்ஃபுக்கும் ஒரு சம்மன்ஸ். என்ன செய்யட்டும்?"

தம்பி, மொதல்ல தண்ணி குடிங்க. இதுக்காக இப்பவே போலீஸ் எல்லாம் வராது. நான் இங்க வேலை சம்பந்தப்பட்ட கேஸ் பாக்கற வக்கீல், இந்தக் கேள்விய வருஷத்துக்கு நாலு பேராவது கேக்கறாங்க, எல்லாரும் உங்கள மாதிரியே ரெண்டாவது லெட்டர் வந்தப்பறம்தான் கேக்கறாங்க, முதல் லெட்டர் வந்தப்ப கேட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

கலிஃபோர்னியா சட்டப்படி என்ன நடக்கும்னு சொல்லிடறேன். முதல் சம்மன்ஸுக்கு பதில் இல்லன்னா கோர்ட் ரெண்டாவது நோட்டீஸ் அனுப்பும், அதான் இப்ப உங்க கைல இருக்கறது. இதுக்கும் பதில் இல்லன்னா 'ஏன் வரலன்னு ஜட்ஜ் முன்னாடி வந்து விளக்கம் சொல்லு'ன்னு ஒரு ஆர்டர் போடலாம். அங்க நீங்க சொல்ற காரணம் சரியில்லன்னா ஃபைன், முதல் தடவைக்கு 250 டாலர் வரைக்கும், ரெண்டாவதுக்கு 750, அதுக்கு மேல 1,500. கோர்ட் அவமதிப்புன்னு எடுக்கறதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. பதில் போடாத எல்லாரையும் தேடிப் பிடிக்கறாங்களான்னா இல்ல, உங்க ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் ஆகலங்கறதும் நெஜமா இருக்கலாம். ஆனா நீங்க இப்ப ரெண்டாவது படில நிக்கறீங்க, அவன் கதைய நம்பி மூணாவது படி ஏறாதீங்க.

அப்பறம் அந்த 'கெடைக்கலன்னு சொல்லிடு' ஐடியா. யார்கிட்ட சொல்லுவீங்க? விஷயம் அந்த அளவுக்குப் போச்சுன்னா ஜட்ஜ்கிட்ட, சத்தியப் பிரமாணம் பண்ணிட்டு. லெட்டருக்கு பதில் போடாதது சோம்பேறித்தனம்தான், அங்க போய் பொய் சொல்றது வேற லெவல் குத்தம். 250 டாலருக்குப் பயந்து அதுக்குள்ள போய் விழாதீங்க.

இன்னிக்கி ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அந்த லெட்டர எடுங்க. அதுல ஜூரர் நம்பர் ஒண்ணு இருக்கும், கவுன்டி கோர்ட்டோட இணையதளத்துல அத போட்டு உள்ள போனா தேதிய தள்ளிப் போடற வசதி இருக்கும். பொதுவா 90 நாள் வரைக்கும் தள்ளலாம். ரெண்டாவது நோட்டீஸ்ங்கறதால சில சமயம் ஆன்லைன்ல விடாது, அப்ப நாளைக்கு காலைல லெட்டர்ல இருக்கற நம்பருக்கு ஃபோன் பண்ணி 'முதல் லெட்டர நான் கவனிக்காம விட்டுட்டேன், வரேன், எனக்கு இந்த வாரம் குடுங்க'ன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஃபோன் எடுக்கறவங்க தினம் இதே கதைய கேக்கறவங்க, வர்றேன்னு சொல்ற ஆள புடிச்சி ஃபைன் போடறதுல அவங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. தேதி எடுக்கும்போது மட்டும் கண்ண மூடிட்டு கடைசி நாள எடுக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படி எடுத்து அது சரியா ஊருக்கு டிக்கெட் போட்டிருந்த வாரத்துல வந்து நின்னுச்சு.

தள்ளிப் போடறது டபாய்க்கறது இல்ல, இத நம்ம ஆளுங்க நெறைய பேர் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறாங்க. தள்ளிப் போடறதுக்குன்னே சட்டம் வழி வெச்சிருக்கு, காரணம்கூட பெரிசா கேக்க மாட்டாங்க. உங்க ரிலீஸ் பிரச்சினைக்கு முதல் நாளே இதுதான் தீர்வு.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா நீங்க போகவே வேண்டியிருந்திருக்காது. கலிஃபோர்னியால ஒரு நாள் அல்லது ஒரு கேஸ்ங்கறது கணக்கு. உங்களுக்கு ஒரு குரூப் நம்பர் குடுப்பாங்க, முந்தின நாள் சாயந்திரம் இணையதளத்துலயோ ஃபோன்லயோ நாளைக்கி உங்க குரூப் வரணுமான்னு பாக்கணும், நெறைய பேருக்கு அந்த வாரம் பூரா 'வர வேண்டாம்'னே வந்துட்டு முடிஞ்சிடும். வரச் சொன்னாலும் அன்னிக்கி எந்தக் கேஸுக்கும் உங்கள எடுக்கலன்னா அதோட கடமை முடிஞ்சுது, குறைஞ்சது ஒரு வருஷத்துக்கு அந்தக் கோர்ட் கூப்பிடாது.

எனக்கு ரெண்டு தடவ வந்திருக்கு. முதல் தடவ பூரா நாளும் ஒரு பெரிய ஹால்ல உக்காந்திருந்தேன், ஆளாளுக்கு லேப்டாப்ப தொறந்து வெச்சுகிட்டு, ஏதோ ஏர்போர்ட்ல ஃப்ளைட் லேட் ஆன மாதிரி. ரெண்டாவது தடவ கோர்ட் ரூமுக்குள்ளயே கூட்டிட்டுப் போனாங்க, அம்பது அறுபது பேர் இருப்போம், ஜட்ஜ் மொதல்ல இந்தக் கேஸ் எத்தன நாள் ஓடும்னு சொன்னாரு, அப்பறம் யாருக்கு இதுல உண்மையான கஷ்டம்னு கேட்டாரு. எனக்கு முன் வரிசைல ஒரு பையன், நம்ம பக்கத்து ஆளுதான், எந்திரிச்சு 'என் ப்ராஜெக்ட் டெட்லைன்'னான். ஜட்ஜ் சிரிக்கவும் இல்ல முறைக்கவும் இல்ல, 'நீங்க இங்க இருக்கற நாளுக்கு கம்பெனி சம்பளம் தருமா'ன்னு கேட்டாரு. தரும்னான். 'அப்ப உக்காருங்க'ன்னுட்டாரு. அடுத்து ஒரு அம்மா, வீடு க்ளீன் பண்ற வேலை, போகாத நாளுக்கு காசு கிடையாது, வீட்டுல ரெண்டு புள்ளைங்க, இவங்க சம்பாத்தியம் மட்டும்தான்னு சொன்னாங்க. ரெண்டே கேள்வி, அனுப்பி வெச்சுட்டாரு. என்னையும் கடைசில அனுப்பிட்டாங்க, வக்கீல்னு தெரிஞ்சதும் ரெண்டு பக்கத்து வக்கீலுக்குமே நான் வேண்டாதவனா போயிட்டேன்.

அந்தப் பையனுக்கும் அந்த அம்மாவுக்கும் இருக்கற வித்தியாசம்தான் இந்த விஷயத்துல சட்டத்தோட நெலமை. இங்க சில வகை போலீஸ்காரங்கள தவிர வேலைய காரணம் காட்டி யாருக்கும் ஒட்டுமொத்த விலக்கு கிடையாது, டாக்டரும் வரணும் சிஇஓவும் வரணும். விலக்கு குடுக்கறது நெஜமான கஷ்டத்துக்கு மட்டும்: போனா குடும்பம் நடத்தவே முடியாதுங்கற அளவுக்கு பண நஷ்டம், வேற ஆளே இல்லாம நீங்களே பாத்துக்க வேண்டிய குழந்தையோ நோயாளியோ, உடம்பு முடியாமை, கோர்ட்டுக்கு வந்து சேர வழியே இல்லாத தூரம், இப்படி. 'நான் இல்லன்னா ரிலீஸ் நின்னுடும்'ங்கறது இந்த லிஸ்ட்ல இல்ல. கசப்பாதான் இருக்கும் ஆனா சொல்றேன், நாளைக்கே உங்களுக்கு அப்பெண்டிக்ஸ் வந்து ஆஸ்பத்திரில படுத்தா அந்த ரிலீஸ் போகத்தான் போகுது.

மேனேஜர் மேட்டர். அவர் அப்படி கேட்டதே தப்பு, தெரியாம கேட்டிருப்பாரு, ஊர்ல பழகின பழக்கம். ஜூரி டூட்டிக்குப் போனதுக்காக ஒருத்தர வேலைய விட்டுத் தூக்கறதோ வேற விதமா பழிவாங்கறதோ கலிஃபோர்னியா சட்டப்படி கூடாது, உங்க பக்கத்துல ஒரே ஒரு கண்டிஷன், முன்கூட்டியே நியாயமான நோட்டீஸ் குடுத்திருக்கணும். ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசு கோர்ட் ஜூரின்னா அதுக்குத் தனிச் சட்டம், மீறுற கம்பெனிக்கு ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரைக்கும் அபராதம். அதனால காஃபி மெஷின் பக்கத்துல நின்னு வாயால சொல்றத விட்டுட்டு புதுத் தேதி கெடச்ச அன்னிக்கே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்க, ஹெச்ஆர் சிசில இருக்கட்டும், சம்மன்ஸ ஃபோட்டோ எடுத்து சேத்துடுங்க, ரெண்டே வரி போதும், 'இந்தத் தேதில இருந்து எனக்கு ஜூரி டூட்டி, அதுக்குள்ள இந்த வேலைய இன்னாருக்கு கை மாத்தி விடறேன்.' மெயில்ல எழுதினா எந்த மேனேஜரும் 'கழண்டுக்க முடியாதா'ன்னு பதில் எழுத மாட்டாரு. முடிஞ்சு வரும்போது கோர்ட்ல வந்து போனதுக்கு அத்தாட்சி குடுப்பாங்க, அத ஹெச்ஆருக்கு அனுப்பிடுங்க.

சம்பளம் பத்தி நீங்க கேக்கல, ஆனா எல்லாரும் மனசுக்குள்ள நெனைக்கறது அதான். கலிஃபோர்னியால தனியார் கம்பெனி ஜூரி நாளுக்கு சம்பளம் குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. மாசாசூசெட்ஸ் மாதிரி சில ஸ்டேட்ல முதல் மூணு நாள் கம்பெனி குடுக்கணும், இங்க அது இல்ல. ஆனா உங்கள மாதிரி ஓவர்டைம் இல்லாத ஃபிக்ஸட் சம்பளக்காரங்களுக்கு ஃபெடரல் விதி ஒண்ணு கை குடுக்கும்: அந்த வாரத்துல நீங்க கொஞ்சமாவது வேலை செஞ்சிருந்தா ஜூரிக்குப் போன நாளுக்குன்னு சம்பளத்துல கை வெக்கக் கூடாது, கோர்ட் குடுக்கற காச வேணா கழிச்சுக்கலாம். கோர்ட் குடுக்கறது எவ்ளோன்னு கேட்டா சிரிப்பீங்க, கலிஃபோர்னியால ரெண்டாவது நாள்ல இருந்துதான் நாளுக்கு 15 டாலர், மைலுக்கு 34 சென்ட். நியூ ஜெர்சில முதல் மூணு நாளைக்கு நாளுக்கு 5 டாலர், எடிசன்ல ஒரு மசால் தோசைக்கே பத்தாது. டெக்சாஸ்ல 2023-ல ஏத்தி முதல் நாள் 20, அடுத்த நாள்ல இருந்து 58 ஆக்கினாங்க. ஃபெடரல் கோர்ட்ல 50.

மணிக்கணக்குல பில் பண்ற கான்ட்ராக்டருக்கு அந்த ஃபெடரல் விதி உதவாது, நெஜமாவே அடி விழும். அவங்க மேல எனக்குக் கோவம் வர்றதில்ல, 15 டாலர வெச்சுகிட்டு கடமைய பத்திப் பேசற கோர்ட் மேலதான் வருது. அவங்க செய்ய வேண்டியது, கம்பெனிகிட்ட 'ஜூரி நாளுக்கு சம்பளம் கிடையாது'ன்னு ஒரு லெட்டர் வாங்கி, வீட்டு வருமானக் கணக்கோட சேத்து கஷ்டத்துக்கான விலக்கு கேக்கறது. கேட்டா கெடைக்க வாய்ப்பு இருக்கு, கேக்காம டிராயர்ல போட்டா எப்படிக் கெடைக்கும்.

நமக்கு ஏன் இது உறைக்க மாட்டேங்குதுன்னு நான் யோசிச்சதுண்டு. ஊர்ல ஜூரி கிடையாது, 1959 நானாவதி கொலைக் கேஸ்ல ஜூரி இருந்துச்சுன்னு கேட்ட கதையோட சரி, 1973-ல புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தப்ப கிரிமினல் கோர்ட்ல மிச்சம் இருந்ததும் போயிடுச்சு. நமக்குத் தெரிஞ்சதுல இதுக்குக் கிட்ட வர்றது எலக்‌ஷன் டூட்டிதான், டீச்சரா இருக்கற அத்தைக்கு ஆர்டர் வந்ததும் வீடே கூடி யாரப் புடிச்சு கேன்சல் பண்றது, எந்த டாக்டர் சர்டிஃபிகேட் குடுப்பாருன்னு பேசுமே, அதே மூளையோட இங்கயும் இருக்கோம். ஆனா நீங்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்கு அந்த பழைய லிஸ்ட்ல இருந்த 100 கேள்வியும் மனப்பாடம் பண்ணீங்கல்ல, அதுல 'குடிமக்களுக்கு மட்டுமே உரிய ஒரு பொறுப்பு சொல்லு'ன்னு ஒண்ணு இருந்துச்சே, பதில் என்னன்னு படிச்சீங்க? ஜூரில உக்கார்றது, ஃபெடரல் எலக்‌ஷன்ல ஓட்டுப் போடறது.

சிட்டிசன் ஆன பெத்தவங்க கூட இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா அப்பாவுக்கு சம்மன்ஸ் வந்தா தூக்கிப் போடாதீங்க, கேஸ் புரியற அளவுக்கு இங்கிலீஷ் தெரியலன்னா அதுக்குன்னே ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கும், அவங்க விஷயத்துல அது உண்மை, டிக் பண்ணி அனுப்பினா போதும். 70 வயசு ஆகி உடம்பு முடியாதவங்கன்னா இங்க டாக்டர் லெட்டர்கூட வேண்டாம். ஆனா தினம் நாலு மீட்டிங்ல இங்கிலீஷ்ல சண்டை போடற நீங்க அந்தக் கட்டத்த டிக் பண்ணாதீங்க, பொய் சொன்னா தண்டனைன்னு ஒத்துகிட்டுதான் அடில கையெழுத்து போடறீங்க.

அதே மாதிரி 'ஜூரிக்கு வரல, உன் மேல வாரண்ட் இருக்கு, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லு'ன்னு ஃபோன் வந்தா அது திருட்டுப் பய. கோர்ட் ஃபோன்ல காசு கேக்காது. இப்ப நீங்க இருக்கற பதட்டத்துல நம்பிடுவீங்க, அதான் சொல்றேன்.

கடைசியா உங்க ஒய்ஃப் லெட்டர், என்னக் கேட்டா உங்களோடத விட அதுதான் ஜாக்கிரதையா கையாள வேண்டியது. கிரீன் கார்டு, எச்1பி வேலை விசா, எஃப்1 படிப்பு விசா யாரும் ஜூரில உக்கார முடியாது. பேர் எப்படிப் போச்சுன்னா வோட்டர் லிஸ்டோட டிரைவர் லைசன்ஸ் லிஸ்ட், 2022-ல இருந்து ஸ்டேட் டாக்ஸ் கட்டறவங்க லிஸ்ட், எல்லாத்துல இருந்தும் எடுக்கறாங்க, அதுல யார் சிட்டிசன்னு பிரிக்கறது இல்ல. அவங்க அந்த சம்மன்ஸுக்கு கண்டிப்பா பதில் போடணும், 'நான் அமெரிக்க சிட்டிசன் இல்ல'ங்கற கட்டத்த டிக் பண்ணி. நல்ல எண்ணத்துல 'கூப்பிட்டிருக்காங்களே, போய்ட்டு வரேன்'னு சிட்டிசன்ங்கற கட்டத்துல கை தவறி டிக் பண்ணிட்டா அது பொய்யா குடியுரிமை கோரினதுங்கற கணக்குல வரலாம், இமிக்ரேஷன் சட்டத்துல மன்னிப்பு கெடைக்கறது ரொம்பக் கஷ்டமான விஷயம் அது, கிரீன் கார்டுக்கே ஆபத்து, அவங்க சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணும்போதும் நேராவே அந்தக் கேள்வி வரும். அதனால அவங்க ஃபார்ம அவசரத்துல நீங்க நிரப்பாதீங்க, அவங்களே படிச்சு டிக் பண்ணி கையெழுத்து போடட்டும், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து அவங்க கிரீன் கார்டு பேப்பர் வெச்சிருக்கற ஃபைல்லயே வெச்சிடுங்க.