வருடக்கணக்கில் எடுத்த முடி உதிர்வு மாத்திரையை நிறுத்தினால் இருக்கிற முடியும் போய்விடுமா?

எட்டு வருடமாக ஃபினாஸ்டிரைடு மாத்திரையும், தலையில் தடவும் மினாக்சிடிலும் எடுக்கிறேன், நிறுத்தப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பத்து வருடம் எடுத்தவன். 2022 மார்ச்சில் நிறுத்தினேன். முடி போனது. அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஆட்டுத்தோலிலிருந்து முடியைக் கழற்றுவதுதான் எங்கள் செக்‌ஷன். பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு, ராத்திரி காட்பாடிக்கு வந்து என் தலையில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஒரு மாத்திரை, உச்சியில் ஒரு மில்லி மினாக்சிடில். இருபத்தாறு வயதில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். மனைவியிடம் "சத்து மாத்திரை" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் குழந்தை இல்லை. டாக்டரிடம் போனோம். என் விந்துப் பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை குறைவு. "வேற மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "சத்து மாத்திரை மட்டுந்தான் டாக்டர்" என்றாள். அப்போது பொய்யைத் தொடர முடியவில்லை, சொல்லிவிட்டேன். ஃபினாஸ்டிரைடு சிலருக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கலாம், நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். விந்தணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அந்த மூன்று மாதக் கணக்கு.

வீடு வரும் வரை மனைவி பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான், "எதுக்கு மறைச்சீங்க? பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பா தலையப் பாத்துட்டுத்தானே ஒத்துக்கினேன்" என்றாள். பத்து வருடம் நான் மறைத்த விஷயம் அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அந்த ரோஷத்தில் நான் செய்தது பெரிய தப்பு. டாக்டர் மாத்திரையைத்தான் நிறுத்தச் சொன்னார், நான் மினாக்சிடில் பாட்டிலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டேன். கத்திரி வெயில் முடிந்த கையோடு, ஜூனில், கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. தலையணை, ஹெல்மெட், குளியலறை ஜாலி என்று எங்கு பார்த்தாலும் முடி. எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. தோல் டாக்டர் (எங்கள் ஊரில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் எடுப்பார்கள்) சொன்ன பிறகுதான் புரிந்தது.

மினாக்சிடில் முடியை வளரும் கட்டத்தில் பிடித்து வைத்திருக்கும். அதை விட்டால் அந்த முடிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்து கொட்டும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஃபினாஸ்டிரைடு வேறு கதை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், முடிவேரைச் சுருக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாறுவதை அது தடுக்கிறது. நிறுத்தினால் இரண்டு வாரத்தில் டி.எச்.டி. பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் தலையில் அது தெரிய மாதக்கணக்கு ஆகும். மருந்தால் கிடைத்தது ஒரு வருடத்துக்குள் போய்விடும். மருந்தே எடுக்காமல் இருந்திருந்தால் இன்று எப்படி இருந்திருப்பீர்களோ, அங்கே போய் நிற்பீர்கள். அதைவிட மோசமான இடத்துக்கு மருந்து தள்ளாது. எட்டு வருடத்துக்கு முந்தைய உங்கள் போட்டோவை எடுத்து வைத்து, அதே முடி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த எட்டு வருட வழுக்கையும் சேர்ந்துதான் வரும். எனக்கு அதுதான் வலித்தது.

நான் மினாக்சிடிலை மட்டும் திரும்ப ஆரம்பித்தேன். கொஞ்சம் பிடித்தது, உச்சி திரும்பவில்லை. சலூன் அண்ணன், "இன்னா சார், மேல ஒரே வெயிலா கீது" என்றார். நண்பன் ஒருவன் இன்னும் மோசம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள் இல்லையா? "கோயிலுக்கு 1981லயே சாமி வந்துட்டாரு, பாலாத்துல 2021ல வெள்ளமே வந்துடுச்சு, உன் தலைக்குத்தாண்டா ஒண்ணும் வரல."

மாத்திரையை விட்டு மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை ஏறியிருந்தது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். மாத்திரையை விட்டதால்தானா என்று கேட்டதற்கு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நானும் சொல்லமாட்டேன். 2024ல் திருப்பதியில் அவளுக்கு மொட்டை, கூடவே எனக்கும். அவளுக்குத் தலை முழுக்க முளைத்தது. எனக்குக் குதிரை லாடம் மாதிரி காதுக்குக் காது மட்டும்.

உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டீர்கள். எனக்கு நிறுத்தியதால் எதுவும் ஆகவில்லை. ஆனால் நிறுத்திய பிறகும் சிலருக்குப் பாலுறவு நாட்டக் குறைவு நீடித்ததாக வந்த புகார்களை வைத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012ல் மருந்தின் விவரக் குறிப்பில் அதைச் சேர்த்தது. அப்படி ஏதாவது இருந்தாலும், மனசு இருண்டு போவது போல இருந்தாலும், நெட்டில் தேடிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போங்கள். இரண்டையும் ஒன்றாக நிறுத்தாதீர்கள். முதலில் ஒன்று, ஆறு மாதம் போகட்டும், மாதம் ஒரு போட்டோ, அதே விளக்கு, அதே கோணம். பிரச்சினை எதுவும் இல்லாமல் வெறும் சலிப்பில் நிறுத்துவதாக இருந்தால், என்னைக் கேட்டால், இன்னொரு தடவை யோசிப்பேன். மறுபடி ஆரம்பித்தாலும், போனதில் பாதிகூடத் திரும்ப வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உங்கள் வயதை எழுதவில்லை. நாற்பத்தைந்துக்கு மேல் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருந்து 1992ல் முதலில் வந்தது புரோஸ்டேட் வீக்கத்துக்கு, ஐந்து மில்லிகிராமில். முடிக்கான ஒரு மில்லிகிராம் 1997ல்தான். எடுக்கும் காலத்தில், புரோஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எண்ணைப் பாதியாகக் காட்டும், நிறுத்தினால் அது ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பதறாமல், எத்தனை வருடம் எடுத்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். முக்கியமாக, சத்து மாத்திரை என்று சொல்லிவிடாதீர்கள்.