ஷின்காயின் தொடக்க காலக் குறும்படங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மகோதோ ஷின்காய் பெரிய பெயர் எடுப்பதற்கு முன் செய்த குறும்படங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் பின்னணி ஓவியம் வரைகிறவன், அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்வேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

1999இல் வந்த ‘அவளும் அவளுடைய பூனையும்’. ஐந்து நிமிடம்கூட இல்லை, கறுப்பு வெள்ளை. அப்போது அவர் நிஹோன் ஃபால்காம் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தில் வேலையில் இருந்தார். விளையாட்டுகளுக்கு முகப்புக் காட்சிகள் செய்வது பிழைப்பு, இந்தப் படம் சொந்த நேரத்தில் செய்தது. 2000இல் டோகா என்ற கணினி வரைகலை (சிஜி) அனிமேஷன் போட்டியில் இதற்குத்தான் முதல் பரிசு.

வசந்தகால மழையில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பூனையை ஒரு பெண் வீட்டுக்கு எடுத்து வருகிறாள். கதையைச் சொல்வது அந்தப் பூனை, சோபி. அவள் காலையில் வேலைக்குக் கிளம்புவதும் வீடு திரும்புவதும் அதற்குத் தெரியும், எங்கே போகிறாள் என்பது தெரியாது. ஒரு நாள் நெடுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு அழுகிறாள். எதிர்முனையில் யார், என்ன நடந்தது, எதுவும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பூனைக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் நமக்கும்.

அறையைக் கவனியுங்கள். பொருள்களும் வெளிச்சமும் நிஜ வீட்டைப் போல அத்தனை நுணுக்கமாக இருக்கும். பூனை மட்டும் குழந்தை வரைந்ததுபோல நாலு கோடு. அவளுடைய முகமோ சரியாகத் தெரிவதே இல்லை. அதனால் அவளுடைய தனிமையை அந்த அறைதான் சுமக்கிறது. தயவுசெய்து வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஆள் இல்லாத காட்சிகளில்தான் படமே இருக்கிறது.

என்ன மென்பொருள் பயன்படுத்தினார்? எந்தக் கணினி வாங்கினால் அப்படிச் செய்யலாம்?

2002இல் வந்த ‘ஹோஷி நோ கோஎ’, அதாவது ‘விண்மீனின் குரல்’, பவர் மேக் ஜி4 கணினியில் ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், லைட்வேவ் கொண்டு செய்தது. கணினி வாங்குவதற்கு முன் உங்கள் அறையில் மாலை வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு வாரம் வரைந்து பாருங்கள், தம்பி.

‘விண்மீனின் குரல்’ ‘ஒரே ஆள் செய்த படம்’ என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும். இயக்கம், வரைகலை, படத்தொகுப்பு எல்லாம் அவர்தான். இசை டென்மோனுடையது, அவரும் ஃபால்காமில் இருந்தவர். முதல் வடிவத்தில் ஆண் குரல் ஷின்காயே, பெண் குரல் மிகா ஷினொஹாரா. பிறகு அதே படத்துக்குத் தொழில்முறைக் கலைஞர்களின் குரலிலும் ஒரு வடிவம் வந்தது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். பேசிப் பழகாத அந்தக் குரல் கதைக்குப் பொருந்துகிறது.

‘விண்மீனின் குரல்’ அறிவியலே தப்பு. கண் மூடித் திறப்பதற்குள் சிரியஸ் நட்சத்திரத்துக்குத் தாவுகிற கப்பல் இருக்கிறது, செல்போன் செய்தியை மட்டும் வேகமாக அனுப்பத் தெரியாதா?

இதையே மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒருவர் கொஞ்சம் கோபமாகவே. கதையில் விண்வெளிப் படையோடு போகிற பள்ளிப்பெண் மிகாகோ, பூமியில் இருக்கும் தோழன் நொபோருவுக்குச் செல்போனில் செய்தி அனுப்புகிறாள். கப்பல் தாவுகிறது, அவளுடைய செய்தி வானலையில் போகிறது. வானலைக்கு ஒளியின் வேகம்தான். செவ்வாயிலிருந்து சில நிமிடம், புளூட்டோ தொலைவிலிருந்து ஐந்தரை மணி நேரம், 8.6 ஒளியாண்டு தள்ளியிருக்கும் சிரியஸிலிருந்து எட்டரை ஆண்டுக்கு மேல். பதினைந்து வயதுப் பெண் அனுப்பியது நொபோருவின் கையில் சேரும்போது அவனுக்கு 24.

தாவும் கப்பல் கற்பனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாமதக் கணக்கு சரியானது, கதை நிற்பதும் அதன் மேல்தான். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் கையில் செல்போனோடு பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. அந்தக் காத்திருப்பை எட்டு ஆண்டாக நீட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்.

அப்படியானால் விண்வெளிச் சண்டை எதற்கு? வெளியூருக்குப் போன பெண் என்றாலே போதுமே!

நல்ல வாதம், பாதி ஒப்புக்கொள்கிறேன். சண்டைக் காட்சிகள்தான் இன்று பழையதாகத் தெரிகின்றன. ஆனால் வெளியூர் என்றால் அவள் ரயில் ஏறித் திரும்பிவிடலாமே. கடைசியில் இருவரும் எதையெல்லாம் நினைத்து ஏங்குகிறார்கள் என்று கேளுங்கள்: குடையில் மழை விழும் ஓசை, நள்ளிரவுக் கடை, கரும்பலகை அழிப்பானின் வாசம். தெருமுனையில் கிடைக்கிற பொருள்கள். அவற்றுக்கு அந்தக் கனம் வர 8.6 ஒளியாண்டு தேவைப்பட்டது.

அவர் எந்த மென்பொருளில் வரைந்தார்?

மேலே இரண்டாவது பதில்.

2016இல் வந்த பூனைத் தொடர் இதுதானா?

இல்லை. அது கஸுயா சகாமோதோ இயக்கியது, நான்கு பகுதி. மூலத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.

அவருடைய பிந்தைய படம் ‘யுவர் நேம்’, அதில் வரும் வால்நட்சத்திரம் பற்றி...

இன்றைக்கு அது இல்லை.

ஃபோட்டோஷாப்பில் எந்தத் தூரிகை?

மென்பொருள் பற்றி இனி பதில் சொல்லப் போவதில்லை.

‘விண்மீனின் குரல்’ 25 நிமிடமாமே. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாமா?

வேண்டாம். 25 நிமிடம் கிடைக்கிற நாளில் பாருங்கள். இன்று ஐந்து நிமிடம்தான் என்றால் பூனைப் படம். காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு.

காதில் மாட்டுவது ஒலிபெருக்கி வகை அல்லவா? ஒலிவாங்கி என்றால் மைக்.

சரிதான், தவறு என்னுடையது. ஹெட்ஃபோன்.