நகரத்தின் ஏழ்மையான பகுதிகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஏரியா விளையாட்டு மன்றங்களால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. நான் வளர்ந்தது வடசென்னை வியாசர்பாடியில். எங்கள் ஏரியா என்றாலே எல்லாரும் கால்பந்தைச் சொல்வார்கள், முல்லை நகர் மைதானம் அவ்வளவு பிரபலம். ஆனால் என்னை வளர்த்தது கேரம். அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ நின்றால் பக்கத்தில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். பந்து எங்கே உதைப்பது? கேரமுக்கு 29 அங்குலச் சதுரப் பலகை, மேலே ஒரு பல்பு, உட்கார நாலு ஸ்டூல் இருந்தால் போதும்.

மன்றத்தை நடத்திய அண்ணன் பகலில் ஆட்டோ ஓட்டுவார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, போர்டில் பவுடர் தூவி, உள்ளங்கையால் ஒருமுறை தேய்ப்பார். தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும், அடுத்தவன் உட்கார்வான். ரெட்டை, அதாவது சிவப்புக் காயைப் போட்டுவிட்டு ஃபாலோ, அதாவது அதையடுத்து தன் காய் ஒன்றைப் போடத் தவறினால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். எவ்வளவு கத்தினாலும் வந்துவிடும். சத்தமாகப் பேசுகிறவன் வைத்ததுதான் சட்டம் என்று பார்த்து வளர்ந்த எனக்கு இது புதுசாக இருந்தது.

ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவுக்கு வேலை போனது. நான் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். என் வகுப்பில் எழுபது பேர், ஒருவன் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. மன்றத்துக்கு இரண்டு நாள் போகவில்லை, மூன்றாம் நாள் ராத்திரி அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். “இன்னாடா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?” விஷயம் தெரிந்ததும் அம்மாவிடம், “அக்கா, பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்றார். மறுநாள் அவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார்.

விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்றுத்தரும், தன்னம்பிக்கை தரும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கேள்வி. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இருப்பது.

சென்னையிலிருந்து கேரம் சாம்பியன்களும் வந்திருக்கிறார்கள். 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி எங்கள் வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைதான். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர், பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கிறவர். செய்தி படித்தபோது எனக்கு எங்கள் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

இளவழகி ஜெயித்த பிறகுதான் எங்கள் மன்றத்துக்குப் பெண் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அண்ணன் ஒரு போர்டை வாசல் ஓரமாக இழுத்துப் போட்டார். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற அம்மாக்களுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற மகள் தெரிவாள். மகளை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லாரையும் மன்றம் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். என்னோடு ஆடியவர்களில் இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். சில குடும்பங்களை நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அங்கே போன என் ஜோடி ஆட்டக்காரன் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்தான், அப்புறம் நின்றுவிட்டான். வீடு கொடுக்கிறவர்கள் அந்தப் பிள்ளை தினமும் போய் உட்கார்ந்த இடத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்த ஆற்றாமை உண்டு.

நீங்கள் உதவ நினைக்கிறவராக இருந்தால் தயவுசெய்து கோப்பையும் பெயர் போட்ட டீசர்ட்டும் வாங்கித் தராதீர்கள். அறை வாடகை, கரண்ட் பில், போட்டிக்குப் போகிற ரயில் டிக்கெட், இவற்றில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். வாடகை ஏறியதால் எங்கள் மன்றம் ஒருமுறை ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. பழைய பையன்கள் சேர்ந்து பணம் போட்டுத் திறந்தோம். முதல் நாள் சாயங்காலம் அண்ணன் போர்டில் பவுடர் தூவவில்லை. பெயர் எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யார் இன்னும் வரவில்லை என்று பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.